ஆவண அறைப் பரணி

காலையில் நிலப்படக் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது வடக்கு எல்லை இருந்தது. தெற்கு இருந்தது, கிழக்கும் இருந்தது. மேற்கு எல்லையை எலி தின்றிருந்தது.

"என்னங்க இது? என் மனையோட மேற்குப் பக்கம் எங்க?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற மனுதாரர் கேட்டார்.

"எலி தின்னுடுச்சுங்க."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன் எதுவரைக்கும் வரலாம்?"

'எலி எதுவரைக்கும் தின்னிருக்கோ அதுவரைக்கும்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார் தூசி சார்.

நில அளவை அலுவலகத்தின் ஆவணக் காப்பாளர் அவர். ஆவண அறைக்குள் கறுப்புப் புருவத்தோடு போவார், வெளியே வரும்போது புருவம் வெளுத்திருக்கும். அதனால் தூசி சார். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருக்கு வேறு பெயர் கிடையாது.

யாருடைய மேற்குப் பக்கம் போனாலும் தூசி சாருக்குப் பெரிய கவலை இல்லை. அவருடைய கவலை ஒன்பதாம் அலமாரி. அதில்தான் ஊழியர்களின் பணிப் பதிவேடுகள் இருந்தன. வலது ஓரத்தில், சிவப்பு நாடா கட்டிய தடித்த புத்தகம் அவருடையது. அவர் மனைவி இன்னொரு ஊரில் மருத்துவமனை நர்ஸ். ஏழு வயது மகள் அம்மாவோடு இருந்தாள். ஆறு வருடமாக மாதத்துக்கு ஒருமுறை பேருந்தில் போய், மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கதவு நிலையில் கோடு போட்டுவிட்டு வருவதுதான் அவர் குடும்ப வாழ்க்கை. இப்போது அந்த ஊரில் ஓர் இடம் காலி. தலைமை அலுவலகம் கேட்கும்போது அந்தச் சிவப்பு நாடா புத்தகம் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் மாறுதல் உறுதி.

எலி இப்போது நான்காம் அலமாரியில் இருந்தது.

"மேடம், என் புத்தகத்தை மட்டும் உங்க இரும்பு பீரோவுல வச்சுக்கலாமா?" என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டார்.

"ஆவணக் காப்பாளர் தன்னோட பதிவேட்டைத் தானே தொடக் கூடாது. திருத்திட்டீங்கன்னு சொல்லுவாங்க."

"நீங்க எடுத்து வைங்க."

"நான் எடுத்தா, நீங்க சொல்லி எடுத்தேன்னு சொல்லுவாங்க."

சொந்தக் காசில் ஓர் எலிப்பொறி வாங்கி வைத்தார். அடுத்த வாரம் அலுவலகப் பொருள் இருப்பைச் சரிபார்க்க வந்தவர்கள், "இந்தப் பொருள் பட்டியல்ல இல்லையே" என்று எடுத்துப் போய்விட்டார்கள். எலியும் பட்டியலில் இல்லை என்று தூசி சார் சொல்லிப் பார்த்தார். அதை அவர்களால் பிடிக்க முடியவில்லை.

முறைப்படி பொறி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எட்டுக் கடிதம் எழுதினார். ஒரே ஒரு பதில் வந்தது. எலிகளின் எண்ணிக்கையைச் சான்றொப்பமிட்டு அனுப்பவும்.

அன்று மாலை மனைவி போனில் சிரித்தாள். "எலிகூட ஆறு வருசமா குடும்பம் நடத்துறீங்க. எங்ககூடக் கொஞ்சம் நடத்தக் கூடாதா?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்மா."

"என்னன்னு எழுதுறீங்க? 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்கு'ன்னா? எனக்கே தூக்கம் வருது. கொஞ்சம் பெருசா எழுதுங்க. ஒரு எலிக்குப் போய் யாருங்க கவனிப்பாங்க? யானை மாதிரி எழுதுங்க."

மகள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, எலி இன்னிக்கு என்ன தின்னுச்சு?"

"மேற்கு."

யானை என்றதும் தூசி சாருக்குப் பரணி நினைவுக்கு வந்தது. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது. கல்லூரியில் படித்தது, அப்போது நாலைந்து எழுதியும் பார்த்தது. மறுநாள் மதியம், வெறுப்பில், ஒன்பதாவது கடிதத்தைப் பரணியாகவே எழுதினார். தலைப்பு: எலிப் பரணி.

கேட்பதற்கு ஆவண அறையில் ஒருவர்தான் இருந்தார். அறை பெருக்கும் அக்கா. பெருக்கி முடித்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தூசி சார் குரலை உயர்த்திப் படித்தார்.

*கோப்பெனும் கோட்டையின் கதவுகள் அதிர,*
*காப்பெனக் கட்டிய கயிறுகள் உதிர,*
*ஏட்டினை உண்டவன், எல்லைகள் உண்டவன்,*
*பூட்டினை நகைத்தவன் புகுந்தனன், புகுந்தனன்!*

"யாரு சார் புகுந்தது?"

"எலிதான்க்கா."

"நம்ம எலியா? இம்புட்டுப் பெரிய ஆளா அது!" அக்கா வாயில் கை வைத்தார். "ஒரு நாள்கூடச் சொல்லலையே சார்."

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இயக்குநரே பேசினார். கண்காணிப்பாளர் அம்மா எழுந்து நின்றபடி ரிசீவரைத் தூசி சாரிடம் நீட்டினார்.

"நீங்கதான் எலிப் பரணி எழுதினதா?"

"ஆமாங்க ஐயா. மன்னிக்கணும். பொறி விசயமா..."

"பிரமாதம்! இருபது வருசமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். முழுசாப் படிச்ச முதல் கடிதம் இதுதான். ஆனா ஒரு குறை. பரணிக்குத் தோத்தவர் பேர்தான் வைக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"எலி இன்னும் தோக்கலையே?"

"அதுக்குத்தான் ஐயா பொறி கேட்டேன்."

"பொறியா? ஆயிரம் யானையை நேருக்கு நேர் நின்னு கொல்றதைப் பாடுற இடத்துல, ரொட்டித் துண்டை வச்சு ஏமாத்திப் பிடிக்கறதா? காவியம் படுத்துடும்யா. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பகுதி அனுப்புங்க. பொறியை அப்புறம் பார்ப்போம்."

மாலைக்குள் எழுத்திலேயே வந்துவிட்டது: காவியம் நிறைவுறும்வரை பொறி குறித்த கோப்பு நிலுவையில் வைக்கப்படுகிறது.

தூசி சார் யோசித்தார். பெரிய எலியாக எழுதியதால்தானே வம்பு? இரண்டாம் பகுதியில் எலியைச் சிறிதாக்கினார். நோஞ்சான், சளி பிடித்தது, தன் நிழலைக் கண்டே ஓடுவது. படித்தால் இயக்குநருக்கு அலுத்துவிடும், பொறியைக் கொடுத்துத் தொலைத்துவிடுவார் என்று கணக்குப் போட்டார்.

பதில் உடனே வந்தது. தாங்கள் விவரித்துள்ள நிலையில் இருக்கும் ஒரு பிராணிக்குப் பொறி தேவையில்லை எனக் கருதி, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

கண்காணிப்பாளர் அம்மா அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தூசி சார் இப்படிப் பண்ணிட்டீங்க? எலி பெருசா இருந்தாத்தானே நமக்கு மரியாதை? ஐயா ரொம்ப வருத்தப்பட்டாராம்."

"மேடம், பெருசா எழுதினா காவியம்கிறார், சின்னதா எழுதினா தேவையில்லைங்கிறார். பொறி கேக்கணும்னா எலியை எந்த சைஸ்ல எழுதணும்?"

"அதுக்கு ஒரு விளக்கம் கேட்டு எழுதுங்க. ஆனா பாட்டா எழுதுங்க."

நிராகரித்த கோப்பைத் திரும்ப எழுப்ப வேண்டுமானால் எலி மறுபடியும் வளர்ந்தாக வேண்டும். மூன்றாம் பகுதியில் தூசி சார் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

*பல்லிரண் டேபடை; பசியொன்றே பேரிகை;*
*வில்லில்லை, வேலில்லை; வென்றதோ ஆயிரம்;*
*நாற்பது வருட நன்செய்ப் படமெலாம்*
*மேற்படி மனுவொடு மென்றுதீர்த் தனனே!*

வியாழக்கிழமை மதியம் இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை தபால் பைக்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. சீர் எங்கே தட்டுகிறது என்று அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் வாளியில் தாளம் போட்டே கண்டுபிடித்துவிடுவார்.

"எந்தப் படம் சார் அது? நாற்பது வருசப் படம்?"

"ஆறாம் அலமாரி, மேல் தட்டு. பச்சைத் துணி சுத்தின கட்டு."

"மேற்படி மனு?"

"அதுக்குப் பக்கத்துலயே இருக்குமே, நீலக் கட்டு."

அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இப்படி ஒரு ரசிகை எந்தக் கவிஞனுக்குக் கிடைப்பாள் என்று தூசி சாருக்கு நெஞ்சு நிறைந்தது. உண்மையில் எலி ஆறாம் அலமாரிப் பக்கமே போகவில்லை. சும்மா ஓர் அழகுக்கு எழுதினார்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் பச்சைத் துணிக் கட்டு அரை முழம் உயரத்துக்குத் துகளாகிக் கிடந்தது. பக்கத்தில் நீலக் கட்டு. நடுவில் இருந்த வெள்ளைக் கட்டில் ஒரு பல்கூடப் படவில்லை.

"பயங்கரமான எலி" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. தரையைப் பார்த்தார். "ஆனா அறை எவ்வளவு சுத்தம் பாருங்க! ஒரு எலிப் புழுக்கைகூட இல்ல. அக்கா மாதிரி வேலை செய்யுற ஆளு கிடைக்கணுமே."

அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு வாளியை எடுத்துப் போனார்.

மூன்றாம் பகுதி தலைமை அலுவலகத்தைக் கலக்கிவிட்டது. இயக்குநர் அதை நகலெடுத்து எல்லாப் பிரிவுக்கும் அனுப்பினார். அந்த அலுவலகத்துக்கு ஏழு வருடமாகக் கேட்டுக் கிடைக்காத மின்விசிறிகள் ஒரே வாரத்தில் வந்தன. உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. எல்லாமே வந்தன, பொறியைத் தவிர.

"எலி வந்த நேரம்" என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள். யாராவது ஆவண அறைப் பக்கம் காலைத் தட்டி நடந்தால், "மெதுவா போங்கப்பா, பயந்துடப் போகுது" என்று அதட்டினார்கள்.

ஒரு நாள் வரைவாளர் இரண்டு டீயோடு வந்தார். நில வரைபடம் வரைகிறவர். போன வருடம் ஓர் ஆற்றை இருபதடி தள்ளி வரைந்துவிட்டு மெமோ வாங்கியவர்.

"தூசி சார், ஒரு உதவி. அந்த மெமோ அஞ்சாம் அலமாரியில ரெண்டாம் தட்டுல இருக்கு. உங்க பாட்டுல எலி அந்தப் பக்கமா ஒரு நடை போயிட்டு வர்ற மாதிரி..."

"என்னய்யா பேசுறீங்க? பாட்டுல எழுதினா நெசமாத் தின்னுடுமா?"

"நெசமாத் தின்னா தின்னட்டும். தின்னாட்டியும் காவியத்துல என் பேர் வந்த மாதிரி இருக்குமில்ல?"

டீ குடித்துவிட்ட கடமைக்கு, நான்காம் பகுதியில் 'ஆற்றினை நகர்த்திய அண்ணலின் ஓலை'யை எலி விருந்துண்டதாக ஒரு வரி சேர்த்தார். அதன்பிறகு டீ நிற்கவில்லை. ஒருவருக்குத் தாமத வருகைப் பதிவேடு வேண்டாம். இன்னொருவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வேண்டாம். ஆளுக்கு ஒரு வரி சேர்ந்தது. வேண்டாத காகிதம் எதுவும் இல்லாதவர் அந்த அலுவலகத்தில் அக்கா ஒருவர்தான். அவர் ஓரமாகப் பெருக்கியபடியே எல்லாருடைய வேண்டுதலையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில் மனைவி போன் செய்தாள். "மாறுதல் குழு மாசக் கடைசியில கூடுதாம். புத்தகம் போயிடுச்சா?"

"அவங்க கேட்டாத்தான் போகும்."

"கேக்க வைங்க. அந்த இயக்குநர்தான் உங்க பாட்டுக்கு உருகுறாராமே. எலிக்காக உருகுற மனுசன் உங்களுக்காக உருக மாட்டாரா?"

தூசி சாருக்குச் சுரீரென்றது. எலியை எழுதினோம், அலமாரியை எழுதினோம், மெமோவை எழுதினோம், நம்மை எழுதவில்லையே! ஐந்தாம் பகுதியை அழுதுகொண்டே எழுதினார்.

*எட்டெனும் அலமாரி இன்றொடு சாய்ந்தது;*
*விட்டதோர் ஒன்பது; வேந்தன்கண் அதன்மிசை;*
*அங்கொரு பதிவேடு, அடியவன் வாழ்க்கை;*
*மங்கையும் மகளும் வழிபார்த் திருக்க!*

வியாழன் மதியம் படித்து முடித்தபோது வாளித் தாளம் நின்றிருந்தது.

"ஒன்பதுல எது சார்?"

"வலது ஓரம். சிவப்பு நாடா கட்டினது."

"அது உங்களோடதில்ல?"

"ஆமாக்கா. என்னோடதுதான். அது இங்கேருந்து போனாத்தான் எனக்கு விடிவு."

அக்கா நீண்ட பெருமூச்சு விட்டார். "நீங்களும் எவ்வளவு நாள்தான் பொறுப்பீங்க" என்றார்.

காலையில் போன தபால் பையைப் பிரித்துப் படித்துவிட்டு, வெள்ளி மாலையே இயக்குநர் போன் செய்தார். அவர் குரல் கரகரத்தது. "யோவ், கண் கலங்கிடுச்சுய்யா. அந்தப் பதிவேடு இனிமே அங்க இருக்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில என் ஆளே வந்து வாங்கிக்குவார். மாசக் கடைசியில நீங்க பொண்டாட்டி பிள்ளையோட இருப்பீங்க."

தூசி சார் ரிசீவரை வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் புருவத்தைத் துடைத்துக்கொண்டார். மனைவியைக் கூப்பிடலாம் என்று திரும்பினார். எதிரே வரைவாளர் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"சார்! நீங்க தெய்வம் சார்! போயிடுச்சு!"

"என்ன போயிடுச்சு?"

"மெமோ! நீங்க எழுதின மாதிரியே! ஒரு எழுத்து மிச்சமில்ல. தாமதப் பதிவேடும் போச்சு, மொட்டைக் கடிதமும் போச்சு. சுத்தியிருக்கிற எதையும் தொடலை. நீங்க எழுதுறதை மட்டும் பொறுக்கித் தின்னுது சார்!"

எழுதுவதை மட்டும் தின்னும் எலி. நேற்று எழுதியது ஒன்பதாம் அலமாரி, வலது ஓரம். ஓடிப்போனார். ஆவண அறை பூட்டி, வார விடுமுறைக்கு அரக்கு முத்திரையும் வைத்தாகிவிட்டது.

கண்காணிப்பாளர் அம்மாவின் வீட்டுக்கு ஓடினார்.

"மேடம், சாவி! எலி என் புத்தகத்தைத் தின்னப் போகுது. நானே எழுதிட்டேன்!"

"தூசி சார், உட்காருங்க. தண்ணி குடிங்க. திங்கட்கிழமைக்கு முன்னாடி முத்திரையை உடைச்சா, ஏன் உடைச்சீங்கன்னு கேப்பாங்க. எலி பாட்டுப் படிக்குதுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"எழுதினது நீங்கதானே? மாத்தி எழுதுங்க."

சனிக்கிழமை முழுவதும் அறையைச் சாத்திக்கொண்டு ஆறாம் பகுதியை எழுதினார். எலி ஒன்பதாம் அலமாரியின் முன் வந்து நிற்கிறது. சிவப்பு நாடாவைப் பார்க்கிறது. ஒரு குழந்தையின் முகம் அதற்குத் தெரிகிறது. மனம் மாறி, ஆயுதமான பற்களை மூடிக்கொண்டு, வேறு அலுவலகத்துக்கு மாறுதலில் போய்விடுகிறது. அவர் எழுதியவற்றிலேயே நல்ல பகுதி அதுதான். நேரே தபால் நிலையத்துக்குப் போய், விரைவுத் தபாலில் போட்டார். அந்த ஒரு பகுதியை அவர் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

திங்கட்கிழமை காலை இயக்குநரின் ஆள் வந்துவிட்டார். முத்திரை உடைந்தது. கண்காணிப்பாளர் அம்மா முன்னால் போனார். தூசி சார் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனார்.

"தூசி சார்" என்றார் அம்மா மெதுவாக. "கண்ணைத் திறக்க வேணாம்."

சிவப்பு நாடா மட்டும் முடிச்சு அவிழாமல் கிடந்தது. அதற்குள் ஒரு படி துகள்.

வந்த ஆள் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றார். பிறகு பையைத் திறந்து, "ஐயா இதையும் கொடுக்கச் சொன்னார். இந்த மாதிரி ஏதாவது ஆயிருந்தா மட்டும்" என்று ஒரு பொருளை எடுத்து நீட்டினார்.

எலிப்பொறி. கூடவே ஒரு கடிதம்: காவியம் அவலச் சுவையில் நிறைவுற்றதால் நிலுவை நீக்கப்பட்டு, பொறி ஒன்று அனுமதிக்கப்படுகிறது.

மாறுதல் குழு கூடியது, கலைந்தது. பதிவேடு இல்லாதவரை மாற்ற விதியில் இடமில்லை. புதிய பதிவேட்டை ஆவணக் காப்பாளர்தான் உருவாக்க வேண்டும். ஆனால் ஆவணக் காப்பாளர் தன் பதிவேட்டைத் தானே தொடக் கூடாது. ஆகவே வேறோர் ஆவணக் காப்பாளர் இங்கே மாறுதலாகி வரும்வரை தூசி சார் இங்கேயே இருக்க வேண்டும். தூசி சார் இங்கே இருக்கும்வரை இடம் காலியில்லை, வேறொருவர் வர முடியாது.

மனைவி போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "அந்த எலி மாட்டினா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் லீவு போட்டு வர்றேன். அதை நேர்ல பார்க்கணும்" என்றாள்.

தூசி சார் பாட்டெழுதுவதை விட்டுவிட்டார். தினமும் காலையில் பொறியில் புது ரொட்டித் துண்டு வைத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. எதுவும் மாட்டவில்லை. காகிதம் எதுவும் புதிதாகக் கடிபடவும் இல்லை.

"எங்க போச்சுன்னு தெரியலையேக்கா" என்றார், மூன்றாம் வார வியாழக்கிழமை. "என் வாழ்க்கையைத் தின்னுட்டு, ஒரு நாள்கூட முகத்தைக் காட்டலையே. என்ன எலி அது?"

அக்கா அவரைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே வந்தார். பொறிக்கு அடியில் விளக்குமாறு போகவில்லை. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அதைத் தூக்கி ஓரமா வைங்க சார், எலிதான் நீங்க மொதப் பாட்டு படிச்ச மறுநாளே என் வாளியில விழுந்து செத்துப்போச்சே, அதுக்கப்புறம் பாட்டுல நீங்க வேணாம்னு சொன்ன காகிதத்தையெல்லாம் பல்லு பட்ட மாதிரியே கத்திரிச்சுக் கத்திரிச்சு என் கை காய்ச்சுப் போனதுதான் மிச்சம், அதுலயும் உங்க புத்தகத்துக்கு அட்டை ரொம்பக் கெட்டி!"